மரியாதைக்குச் சிவப்புப் பென்சில்

கொழும்பிலிருந்து ராணி அக்காவின் மகள் அழைத்தபோது நான் ஷார்ஜா அறையில் வெள்ளிக்கிழமைத் துணிகளை ஊறவைத்துக்கொண்டிருந்தேன். "மாமா, அம்மா போயிட்டா" என்றாள். ஈரக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவளே தொடர்ந்து சொன்னாள்: "முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர்ப் புத்தகம் போடுறம். எங்கட சனத்தில கனபேர் இப்பவும் அம்மா டுபாயில வீட்டு வேலைதான் செய்தவ எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம். அவ செய்த வேலை உங்களுக்குத்தான் தெரியும். எழுதித் தாங்கோ."

எழுதுகிறேன். உறவுக்காரர்கள் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும்.

வீட்டு வேலைக்குத்தான் வந்தார். அதில் மறைக்க ஒன்றுமில்லை. பர் துபாயில் ஓர் ஈரானியக் குடும்பத்தில் ஒன்பது வருடம். அந்த வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களை வைத்துக்கொண்டே பாரசீகம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். குடும்பம் ஈரானுக்குத் திரும்ப முடிவெடுத்தபோது, விசா முடிந்து அக்கா ஊருக்குப் போக வேண்டிய நிலை. மகள் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். நான் நிரல் எழுதிய சின்னக் கணினி அலுவலகத்தில் பாரசீகக் கடிதங்களைத் தட்டச்சு செய்ய ஆள் தேடினார்கள், அக்கா வந்து சேர்ந்தார். எங்கள் மேலாளர், ஒரு ஹைதராபாத்காரர், முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஒப்பந்தம் கிடைத்தால் விசா மாற்றித் தருகிறேன். இல்லாவிட்டால் கலாஸ், கதை முடிந்தது."

ஒப்பந்தம் இதுதான். வீட்டுச் சாதனங்கள் விற்கும் ஒரு கம்பெனிக்கு ஈரானிய வாடிக்கையாளர்கள் குவியல் குவியலாகக் கடிதம் எழுதுவார்கள். எழுதியவர் கோபமாக இருக்கிறாரா, மகிழ்ச்சியாக இருக்கிறாரா என்று கணினியே பிரித்துச் சொல்ல வேண்டும். நான் இரண்டு மொழி மாதிரிகள், அதாவது லாங்குவேஜ் மாடல்கள், செய்தேன். ஒன்றுக்குக் கோபக் கடிதங்களை மட்டும் ஊட்டினேன், மற்றதற்கு மகிழ்ச்சிக் கடிதங்களை. எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று அவை எண்ணிக் கற்றுக்கொள்ளும். புதுக் கடிதம் ஒன்று வந்தால், இதை எழுதியிருக்கக்கூடியவர் கோபக்காரரா மற்றவரா என்று இரண்டையும் கேட்டுப் பார்ப்பது. கணக்கு சரி. ஆனால் ஊட்டிய கடிதங்களைப் பிரித்தவன் நான், அகராதியை வைத்துக்கொண்டு. நன்றி, பெருமை என்று இருந்தால் மகிழ்ச்சி. சாவு, வலி என்று இருந்தால் கோபம்.

இரண்டாம் வாரம் அக்கா என் மேசைக்கு ஒரு தாளோடு வந்தார்.

"தம்பி, இந்த மனுசன் சந்தோசமாய் இருக்கிறாராம். ஆர் சொன்னது?"

"மெஷின் சொன்னது அக்கா."

"உம்மட மெசினுக்கு விசர் பிடிச்சிட்டுது. ஆள் நெருப்பாய் நிக்கிறார்."

படித்துக் காட்டினார். 'உங்கள் பழுது பார்ப்பவர் மூன்று முறை எங்கள் எளிய வீட்டுக்கு எழுந்தருளினார். உங்கள் கை நோகாதிருக்கட்டும். இனியும் தொந்தரவு தர வெட்கப்படுகிறேன். உங்கள் நிழல் குறையாதிருக்கட்டும்.' எனக்கு இதில் தேன்தான் வழிந்தது.

"நான் அந்த வீட்டில ஒன்பது வருசம் பாத்தனான்" என்றார் அக்கா. "கோவம் வந்தால் அவையளுக்கு மரியாதை கூடும். அன்பு வந்தால்தான் ஏச்சுப் பேச்சு விழும், 'உனக்காகச் சாவேன்' எண்டெல்லாம் வரும்."

பாரசீகம் படிக்கத் தெரியாமல் பாரசீகத்தின் மனத்தைப் படிக்கப் புறப்பட்டவன் நான். ஆனால் நம் ஊரில் மட்டும் என்ன? உறவை முறிக்கும்போதுதானே 'உனக்கு ஒரு பெரிய கும்பிடு' என்கிறோம்? எனக்கு அது தோன்றவில்லை, அக்காவுக்குத் தோன்றியது.

அன்றிலிருந்து அவர் எல்லாக் கடிதங்களையும் திரும்பப் பிரித்தார். கோபத்துக்குச் சிவப்புப் பென்சில், மகிழ்ச்சிக்குப் பச்சை. ஒவ்வொன்றையும் உதடு அசையப் படிப்பார். "சொல்லைப் பாக்காதையும் தம்பி, ஆள் எவ்வளவு தூரத்தில நிண்டு கதைக்குது எண்டு பாரும்" என்பார். புதுக் குவியல்களை ஊட்டி மாதிரிகளைப் புதிதாகச் செய்தேன்.

சோதனை நாளில் கம்பெனியின் ஈரானிய அதிகாரி தன் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். எங்களுக்கு முன் வந்தவர்களின் நிரல் அதை மகிழ்ச்சி என்று சொல்லியிருந்ததாம். அதிலும் மரியாதை பொங்கி வழிந்தது. அக்கா தட்டச்சு செய்தார், எங்கள் திரையில் 'கோபம்' என்று வந்தது. அதிகாரி அங்கேயே அந்த வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்தார். பேசப் பேச அவர் முகம் மாறியது. அந்த வீட்டார் கோபத்தில் வேறு கம்பெனிக் குளிர்சாதனப் பெட்டி வாங்கி மூன்று வாரமாகிவிட்டது! "ஜீத் கயே பாய்!", ஜெயித்துவிட்டோம் என்று மேலாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

இனி எழுதப்போவது என் வெட்கக்கேடு. வெற்றி அறிக்கையை நான் என் பெயரில் மட்டும் அனுப்பினேன். வேண்டுமென்று செய்யவில்லை, நினைவே வரவில்லை, அது இன்னும் மோசம். மேலாளர் அதைப் பார்த்து விசா விண்ணப்பங்களுக்குக் கையெழுத்திட்டார். அவற்றில் அக்காவினுடையது இல்லை. தட்டச்சு வேலையோடு அக்காவின் தேவை முடிந்துவிட்டது என்று மேலாளர் நினைத்துக்கொண்டார்.

மாலை அக்கா என் மேசைக்கு வந்தார். "நீங்கள் எனக்குச் செய்த உதவிக்கு மிகவும் நன்றி ஐயா. உங்களுக்குக் கனக்கத் தொந்தரவும் கரைச்சலும் தந்திட்டன். குறை நினையாதேங்கோ" என்றார். நல்ல மனுஷி என்று நினைத்து நானும் சிரித்தபடி விடைகொடுத்தேன். லிஃப்டில் இறங்கும்போதுதான் உறைத்தது. எப்போதும் 'நீர்', 'தம்பி' என்பவர். நீங்கள்? ஐயா? சிவப்பு! அடிமுதல் நுனிவரை சிவப்பு!

கீழே போன லிஃப்டிலேயே மேலே திரும்பினேன். மேலாளர் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். திரையில் வந்த விடை யாருடையது என்று சொன்னேன். அறிக்கையை மாற்றி, அக்காவின் பெயரை முதலில் போட்டு, அவருடைய விசா விண்ணப்பத்திலும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் இறங்கினேன்.

அக்காவின் கடவுச்சீட்டில் புது விசா ஒட்டி வந்த நாளில், தொழில் என்ற இடத்தில் அரபியில் 'மொழிபெயர்ப்பாளர்' என்று இருந்தது. அதை அலுவலகம் முழுக்க எல்லோருக்கும் காட்டினார். கடைசியாக என்னிடம் வந்தார். "விசரா! அறிக்கையில பேர் போட மறக்கிற அளவுக்கு உனக்கு மூளை எங்க போனது?" என்று எல்லோர் முன்னிலும் ஏசினார். அவர் என்னை 'நீ' என்றது அதுதான் முதல் முறை. அதற்குப் பிறகு மாறவே இல்லை. அந்த விசா தந்த சம்பளத்தில்தான் மகள் பட்டப்படிப்பு வரை படித்தாள்.

உறவுக்காரர்களே, மலரில் அவர் பெயருக்குக் கீழே 'பாரசீக மொழிபெயர்ப்பாளர்' என்று போட்டிருப்பது பிள்ளைப் பாசத்தில் கூட்டிச் சொன்னதல்ல. அரசாங்க முத்திரையோடு இருந்தது. நான் சாட்சி.

சிவப்புப் பென்சில் என்னிடம் இருக்கிறது, விரலளவு தேய்ந்து. அதைவிடப் பெரிதாக இன்னொன்றையும் வைத்திருக்கிறேன். போன மாதம் மருத்துவமனையிலிருந்து அவர் பேசியது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "விசர்க் கதை கதையாமல் போனை வை. முதல் நீ சாப்பிட்டியோ?" என்றார்.

பச்சை, அக்கா. நல்ல கடும் பச்சை.