பூக்காத மூவிலை

டப்ளினில் ஓர் அரசு அலுவலகத்தில் ஃபின்டன் கெவனி ஒன்பது வருடங்களாகத் தற்காலிகப் படவரைவாளன். சாக்கடை வரைபடத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. தற்காலிக ஆளுக்குப் பெண் கிடையாது என்று தொப்பிக்கடை மக்னாலி சொல்லிவிட்டதால், அவர் மகள் அசம்ப்டாவும் ஒன்பது வருடங்களாகத் தற்காலிகக் காதலிதான்.

அயர்லாந்து சுதந்திரத்தின் பத்தாம் ஆண்டுக்குத் தபால்தலை வரையும் வேலை அவனிடம் வந்தது. படம் தேறினால் வேலை நிரந்தரம்.

தேர்வுக் குழுவில் இரண்டே பேர்: கெர்ரி மாவட்டப் பாதிரியார் கானிஸ், மோனகன் மாவட்டத் தலைமையாசிரியை மிஸ் ஹான்ரட்டி. படத்தில் வட்டக் கோபுரத்தை ஏற்றார்கள். வேட்டைநாயை, வாயை மூடி வரைவதாக உறுதி வாங்கிக்கொண்டு ஏற்றார்கள். யாழ், பீர் புட்டியில் இருக்கும் யாழுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும் என்று முடிவானது. வினை நாட்டின் சின்னமான ஷாம்ராக்கில் வந்தது. மூன்றே இலை கொண்ட சின்னச் செடி, நாட்டையே இரண்டாக்கிவிட்டது.

“இது என்னப்பா, மாட்டுத் தீவனமா?” என்றார் பாதிரியார்.

“உங்க கெர்ரி செடி மாதிரியே இருக்கே, ஃபாதர்!” என்றார் மிஸ் ஹான்ரட்டி.

அடுத்த வியாழக்கிழமை இருவரும் தத்தம் ஊர்ச் செடியை மண்ணோடு கொண்டுவந்தார்கள். அசல் ஷாம்ராக் பூக்கவே பூக்காது என்பதில் மட்டும் அவர்களுக்குள் சண்டையே கிடையாது. ஆகவே, எது பூக்காமல் நிற்கிறதோ அதை வரையச் சொன்னார்கள்.

மே மாதம் ஒன்று மஞ்சளாகவும் மற்றது வெள்ளையாகவும் பூத்தது.

“என் செடி மேல என்னமோ ஓதிட்டீங்க, ஃபாதர்!”

“நான் ஓதியிருந்தா ரோஜாவே பூத்திருக்கும்மா.”

சேதி பரவி, முப்பத்திரண்டு மாவட்டங்களிலிருந்தும் தொட்டிகள் வந்தன. அத்தனையும் பூத்தன. அலுவலகத்தில் தேனீ கூடு கட்டியது. குமாஸ்தாக்கள் முகத்தில் வலையோடு கோப்பு பார்த்தார்கள். வியாழனுக்குள் அசல் செடி அகப்படாவிட்டால் தபால்தலையே வேண்டாம் என்றது குழு.

“மறுபடி சாக்கடைதானா?” என்றாள் அசம்ப்டா. “அப்ப நான் வெள்ளை கவுனப் போட்டுக்கிட்டு நேரா கல்லறைக்குத்தான் போகணும்.”

“எல்லாமே பூத்துத் தொலைக்குது. நான் என்ன பண்ண?”

“பூக்காதது நான் தரேன். நீ தண்ணி மட்டும் ஊத்து, போ.”

பச்சைப் பட்டில் மூன்று இலை வெட்டி, ஓரம் தைத்து, தொப்பிக் கம்பியில் பசையிட்டுக் கோத்துத் தொட்டியில் நட்டாள்.

வியாழனன்று பாதிரியார் அதன் முன் மண்டியிட்டார்.

“கெர்ரி மண்ணு. வாசனையே சொல்லுதே.”

“மோனகன் இலை. இந்த மினுமினுப்பு வேற எங்க வரும்?”

அடித்தது பசை வாசனை. ஃபின்டன் பென்சிலை எடுத்தான். தையல்கூட விடாமல் வரைந்தான். தபால்தலை வெளியானது. தண்டில் ஏன் முடிச்சு என்று ஒருவர் கேட்டெழுதியதற்கு, நல்ல மண்ணில் அப்படித்தான் வளரும் என்று குழு பதில் போட்டது.

நாட்டின் ஒரே அசல் செடியைத் தற்காலிக ஆளிடம் விடலாமா? அதற்கு நீர் ஊற்றவே ஃபின்டனை நிரந்தரமாக்கினார்கள். மக்னாலி மறுபேச்சின்றி மகளைக் கொடுத்தார். பாதிரியாரே மணம் முடித்துவைத்தார்.

தினமும் தண்ணீர் பட்டால் பட்டு வெளுக்கத்தானே செய்யும்? வருடத்துக்கு ஒருமுறை அசம்ப்டா புது இலை தைத்துக் கொடுப்பாள். செடி துளிர்த்தது என்று ஃபின்டன் கோப்பில் எழுதிக் கையெழுத்திடுவான்.