நாலாவது பள்ளத்துக் கீறல்

என் மனைவி ஆர்லிஸுக்கு நாற்காலி என்றாலே ஆகாது. காப்பியை நின்றுகொண்டு குடிப்பாள், ரொட்டியை நடந்துகொண்டு தின்பாள். கல்யாணமான புதிதில் இது எனக்குத் தமாஷாக இருந்தது. இப்போது சில நாட்களில் பிடித்துக் கட்டி உட்கார வைக்கலாமா என்று தோன்றும்.

மரம் அறுக்கும் ஆலையில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவள், எங்கள் கார் ஷெட்டில் பழைய லேத் ஒன்றைப் போட்டுக்கொண்டு துப்பாக்கிக் குண்டு வார்க்கும் அச்சு செய்கிறாள். பொழுதுபோக்கும் அதுதான், பாதிப் பிழைப்பும் அதுதான். இங்கே மொன்டானாவில் பாட்டன் காலத்து வேட்டைத் துப்பாக்கி இல்லாத வீடு குறைவு. அதற்கெல்லாம் கடைக் குண்டு சரியாகப் பொருந்தாது. எனவே மெத்தென்ற ஈயத் துண்டு ஒன்றைக் குழலுக்குள் இறக்கி மறுபக்கம் தள்ளி எடுத்து, அவளுக்குத் தபாலில் அனுப்புவார்கள். குழலின் உட்புறத்தில் நீளவாக்கில் ஓடும் மேடு பள்ளமெல்லாம் அப்படியே அதில் பதிந்திருக்கும். அதை அளந்து, பித்தளைக் கட்டையைக் குடைந்து அச்சு செய்வாள். ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி, தானே சில குண்டுகள் வார்த்துப் பார்ப்பாள். ஒரு சுருக்கம் தெரிந்தாலும் அந்தக் குண்டு மறுபடி சட்டிக்குள் போய்விடும்.

ஊரார் துப்பாக்கிக்கெல்லாம் குண்டு பொருத்தியவளிடம் தன் துப்பாக்கி இல்லை. அவள் அப்பா அவளுக்கென்று விட்டுப்போனதை அண்ணன் லைல் மான் வேட்டைக்கு இரவல் வாங்கிப் போனான். படகு கவிழ்ந்தது, துப்பாக்கி ஆற்றோடு போய்விட்டது என்று ஈரத் துணியோடு வந்து நின்றான். அன்றிலிருந்து ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் தண்ணீர் வற்றியதும், அந்த ஆற்று வளைவில் இறங்கிக் கல் கல்லாகப் புரட்டித் தேடுவாள். லைலும் கூடவே இறங்குவான். மார்பு வரை ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, குளிரில் பல் கிட்டிக்க நிற்பான். தங்கை என்றால் இவனுக்கு உயிர் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். சொன்ன வாயைக் கழுவ வேண்டும்.

"விட்டுத் தொலையேன், இந்நேரம் துருவாப் போயிருக்கும்" என்பேன்.

"அந்தத் துருவையாவது பாத்துட்டு வரேன். நீ அடுப்பைப் பாருய்யா."

இந்தக் கோடையில் பக்கத்து மாநிலமான வயோமிங்கிலிருந்து மெர்ட்டன் என்பவர் அனுப்பிய ஈயத் துண்டு வந்தது. லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் அசையாமல் நின்றதில் எனக்குப் பயமே வந்துவிட்டது.

"யோவ், இங்க வா. நாலாவது பள்ளத்து ஓரத்துல பாரு."

மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது.

"நான் போட்ட கீறல். சின்னப் புள்ளைல இரும்புக் கம்பிய விட்டுத் துடைச்சேன். அப்பா எங்கூடப் பேசவே இல்ல."

"கீறல் எந்தத் துப்பாக்கியிலயும் இருக்கும்டி."

அவள் மெர்ட்டனுக்குப் போன் போட்டு, துப்பாக்கியில் தோளில் பதியும் பின்தகட்டைக் கழற்றிப் பார்க்கச் சொன்னாள். உள்ளே மரத்தில் கத்தியால் செதுக்கிய ஒரு மீன் இருந்தது. அவள் அப்பா செதுக்கியது. யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டாள்.

"சந்தையில ஒரு நெட்டை ஆளுகிட்டங்க. வலது கட்டைவிரல்ல நகம் கிடையாது. அப்பாவோடதுன்னு சொல்றப்ப பாவம், கண்ணு கலங்கிட்டாரு."

லைலின் அந்த நகத்தைப் பறித்தது என் கார்க் கதவுதான். கார்ச் சாவியை எடுத்தேன்.

"கிளம்பு. போய் அவன் சட்டையப் பிடிப்போம். அந்த மெர்ட்டன்கிட்ட திருப்பிக் கேட்டியா?"

"அவரு என்ன தப்பு பண்ணாரு? துடைக்கிறதுக்குப் பித்தளைக் கம்பி வாங்கிக்கச் சொன்னேன்."

"அப்ப லைல்?"

"தண்ணி வத்தட்டும்."

அச்சை முடித்தாள். வார்த்தாள், உருக்கினாள், மறுபடி வார்த்தாள். குறையே இல்லாத குண்டுகளையும் சட்டியில் போட்டாள். சாப்பாட்டு மேஜைக்கும் ஷெட்டுக்குமாக அவள் நடந்த நடையில் எனக்கும் தூக்கம் போயிற்று. கடைசியில் ஒரே ஒரு குண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அச்சை மெர்ட்டனுக்கு அனுப்பிவிட்டாள்.

இலை பழுத்தது. லைலே போன் செய்தான். "பாப்பா, தண்ணி எறங்கிடுச்சு. போலாமா?"

ஆற்று வளைவில் அவன் வழக்கம்போல இறங்கினான். ஆர்லிஸ் கரையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள். ஆமாம், உட்கார்ந்தாள்.

"நீ வரல?"

"நீ பாரு அண்ணே. இன்னும் கொஞ்சம் ஆழத்துல பாரு."

அவன் போனான். தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. காலால் துழாவினான், கையை விட்டுக் கல்லைப் புரட்டினான், உதடு நீலமானது. திட்டுவதற்கென்றே வந்த நான் காரிலிருந்து கம்பளியை எடுத்து வந்தேன்.

"இங்க ஒண்ணும் இல்ல பாப்பா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று ஆழம் குறைந்த பக்கமாக வந்தான்.

"வேணாம் அண்ணே. கெடைச்சிருச்சு." அவள் உள்ளங்கையில் குண்டு பளபளத்தது. "அப்பா துப்பாக்கிக்கு நான் வார்த்தது. வயோமிங்ல பத்திரமா இருக்கு. அதை வித்தவரு கண்ணு கலங்கினாராம். வெளிய வா, குளுருது."

லைல் குண்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, மறுபடியும் கல்லைப் புரட்டத் தொடங்கினான்.