வெள்ளிக்கிழமை மிஸ்டு கால்

குண்டூசியால் சிம்மை நெம்பி எடுத்து, காகிதத்தில் மடித்து, "விமல், அல் கோபார்" என்று எழுதி மாத்திரை டப்பாவுக்குள் போடுகிறார் பிரைட். மனாமா பஸ் நிலையத்தின் பின்சந்தில், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டிய போன் கடை அவருடையது. பாலம் தாண்டி சவூதியிலிருந்து பஹ்ரைன் வந்துபோகிற நம்மவர்கள் இங்கே சிம் வாங்கி, திரும்பும்போது அவரிடமே விட்டுப்போவார்கள். மறுமுறை வந்தால் அதே எண். "நம்பர் மாறினா வீட்டுக்காரி சண்டைக்கு வருவா, கேட்டியளா?" என்பார்.

குளச்சல்காரர். ரீசார்ஜ் அட்டை சுரண்டுவதற்கென்றே இடக்கைச் சுண்டுவிரலில் மட்டும் நகம் வளர்க்கிறார். எந்தத் தியேட்டரில் தமிழ்ப் படம், எந்தக் கடையில் ஊர் வாரப்பத்திரிகை என்பதெல்லாம் கேட்காமலே சொல்வார்.

இன்னொரு சேவையும் உண்டு. வெள்ளி காலை பத்து மணிக்கு வீடுகளிலிருந்து மிஸ்டு கால் வரும். பதிலுக்கு ஒரு ரிங் போனால் 'சுகம்' என்று அர்த்தம். எடுத்தால் காசு போகும், யாரும் எடுப்பதில்லை. வர முடியாதவர்களுக்காக, அவர்கள் சிம்மைப் போனில் போட்டு பிரைட்டே அந்தப் பதில் ரிங்கை விட்டுவிடுவார். "ஒரு ரிங்குதானே, அங்க ஒரு வீட்ல நிம்மதியா சோறு பொங்கும்." பெரிய புண்ணியம் என்றுதான் கடையில் அவருக்கு உதவியாக இருக்கும் நானும் நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

லாரி டிரைவர் ராமையா ஆறு வாரமாக வரவில்லை. லோடு வேறு பக்கம் மாறியிருக்கும் என்று, ஆறு வெள்ளியும் அவர் மனைவி மாரியம்மாளுக்கு பிரைட் பதில் ரிங் விட்டார். நேற்று ராமையாவின் கூட்டாளி தியாகு வந்தார். லாரி கவிழ்ந்து ராமையா இறந்து நாற்பது நாளாகிறதாம். உடல் சவூதியில், கோபார் பிணவறையில் கிடக்கிறது. ஊருக்கு அனுப்ப மனைவி கையெழுத்து வேண்டும்.

"அக்கா போட மாட்டேங்குதுண்ணே. 'வாராவாரம் மிஸ்டு கால் குடுக்குற மனுசனச் செத்துட்டான்னு சொல்றீகளா'ன்னு, சேதி சொல்லப்போன என் தம்பிய வெளக்குமாத்தால அடிச்சிருச்சு. யாருண்ணே அதக் குடுக்குறது?"

பிரைட் கல்லாப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாந்தான் மக்கா."

தியாகு தலையில் அடித்துக்கொண்டார். "அப்ப நீங்களே பேசிச் சொல்லிருங்க."

"செத்தவனுக்க நம்பர்ல நான் எப்பிடிடே பேசுவேன்?"

"சரி, நாளைக்கு ரிங்கு விடாதீக. போன ஆஃப் பண்ணிராதீக, சார்ஜ் இல்லன்னு நெனச்சுக்கும். அடிக்கட்டும். பதில் போகலன்னா வெளங்கிரும்."

இன்று பத்து மணி. ராமையாவின் சிம் போட்ட போன் மேசைமேல் இருந்தது. ஒரு ரிங் வந்து நின்றது. பழக்கத்தில் பிரைட்டின் கட்டைவிரல் பொத்தானுக்குப் போய், சூடு பட்டதுபோல் திரும்பியது. மறுபடி ஒரு ரிங். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பாவி மனுஷி, நானே எடுத்துச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சிம் வாங்க வந்தவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

நான்காவது ரிங் நிற்கவில்லை. காசு போனாலும் போகட்டும் என்று முழுக்க அடிக்கிறாள். பிரைட் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகி, உடம்பின் பாரம் முழுவதையும் அவற்றின்மேல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.