விட்டு விட்டு ஓடிய படம்

நூர்தீன் பயந்த ஆள் இல்லை. சிங்கப்பூரின் தெம்பனிஸ் பஸ் இன்டர்சேஞ்சில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இருபது வருடத்துக்கு மேலாக பஸ் ஓட்டுகிறவர். பேய் மழையில், முன்னால் போகிற வண்டியின் விளக்குகூடத் தெரியாத நேரத்தில், ஏதாவது பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டுவார். உரசினார், இடித்தார் என்று ஒரு பேச்சு வந்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனிதரை உள்ளங்கை அகல டிவி பெட்டி ஒன்று நடுநடுங்க வைத்துவிட்டது என்றால் நம்புவீர்களா? நடந்தது அதுதான்.

அது வைஃபையில் ஓடுகிற பெட்டி. டிவியின் பின்னால் சொருகிவிட்டால் படம், நாடகம், கிரிக்கெட் எல்லாம் ஹாலுக்கே வந்துவிடும். அவர்கள் அடுக்குமாடி புளோக்கில் யார் வீட்டுப் பெட்டி மக்கர் பண்ணினாலும் நூர்தீனைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் வேலைக் களைப்பைப் பார்க்காமல் போய் எதையாவது பிடுங்கி, எதையாவது சொருகி, ஓட வைத்துவிட்டு ஒரு கோப்பை தே குடித்துவிட்டு வருவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அன்று சாப்பிட்டு முடித்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து வீசுகிறவன் ஓடி வந்துகொண்டிருந்தான். அடுத்த நொடி பார்த்தால், மட்டை பிடித்தவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மைதானத்தைவிட்டு வெளியே நடக்கிறான். எப்படி அவுட் ஆனான்? பந்து எங்கே போனது? நடுவில் ஒரு துண்டையே காணோம்.

“ஷைத்தான் புடிச்ச பெட்டி, படத்தை முழுங்குது,” என்று ரிமோட்டைத் தொடையில் தட்டினார்.

“எனக்கு ஒழுங்காத்தான் ஓடுது,” என்றாள் மனைவி ஜைனப், அடுப்படியிலிருந்து.

அவள் பேச்சை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் பார்ப்பது நாடகம். மாமியார் ஒரு தடவை முறைத்தால் அந்த முறைப்பையே மூன்று பக்கமிருந்து இடி முழக்கத்தோடு காட்டுவார்கள். நடுவில் கொஞ்சம் காணாமல் போனால் யாருக்குத் தெரியப்போகிறது?

பெட்டியை அணைத்துப் போட்டார். ரவுட்டரைப் பிடுங்கிச் சொருகினார். பெட்டிக்குள் அடைந்து கிடந்த ஆப்புகளை அழித்தார். வைஃபை சரியில்லை என்று ஹால் நெடுகக் கம்பி இழுத்தார். ஜைனப் அதில் தடுக்கி விழப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை டன்லப் ஸ்ட்ரீட் பள்ளிவாசலில் ஜும்ஆ முடித்த கையோடு சிராங்கூன் ரோட்டில் புதுக் கேபிள் வாங்கி வந்தார். படத்தின் தரத்தைக் குறைத்துப் பார்த்ததில் ஆட்டக்காரர்களின் முகமெல்லாம் மாவு அப்பின மாதிரி ஆனதுதான் மிச்சம். படம் விட்டு விட்டுத்தான் ஓடியது. ஒரு நாள் ஒன்றும் இருக்காது, அப்பாடா என்றிருக்கும். மறுநாள் மறுபடியும் ஒரு துண்டு போய்விடும்.

ஒரு விஷயம் அவருக்குப் பிடிபடவேயில்லை. படத்தைப் பின்னால் ஓட்டிப் பார்த்தால் காணாமல் போன துண்டு அங்கேயே இருந்தது. பந்து வந்தது, மட்டையில் பட்டது, ஒருவன் தாவிப் பிடித்தான். இரண்டாம் தடவை மட்டும் எப்படி வருகிறது? முதல் தடவையிலேயே பெட்டி அதை இறக்கி வைத்துக்கொண்டிருக்கும் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார்.

சனிக்கிழமை மகள் ஹனீன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். எதையோ அழுத்தினாள், திரை மூலையில் எண்கள் ஓடத் தொடங்கின. படமும் ஓடியது.

“பாருங்க அத்தா, ட்ராப் சீரோ. ஒரு ஃப்ரேம்கூட விடல. ஸ்பீடும் ஓகே லா.”

“இப்ப விட்டுச்சே! அந்தப் பையன் மாடிப்படியில நின்னான். இப்ப கார்ல உக்காந்திருக்கான்.”

“நடுவுல இறங்கி வந்தான், அவங்கம்மாகூட சண்டை போட்டான், கதவை அறைஞ்சு சாத்தினான். எல்லாம் வந்துச்சே. நீங்க தூங்கிட்டீங்க.”

“கண்ணைத் தொறந்துக்கிட்டா தூங்குவாங்க?”

ஹனீன் சிரித்தாள். நூர்தீனும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் அந்தக் கேள்வி அவரைவிட்டுப் போகவில்லை. கேபிளை மாற்றியாயிற்று, கம்பியை மாற்றியாயிற்று, பெட்டியில் குறையில்லை என்று எண்ணே சொல்கிறது. மாற்றாமல் மிச்சம் இருப்பது டிவிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிற ஆள் மட்டும்தான். சே, என்ன நினைப்பு இது என்று எழுந்து போய் முகம் கழுவினார்.

திங்கட்கிழமை நல்ல வெயில். பஸ்ஸில் பாதிக் கூட்டம். நிறுத்தம் வருவதற்கு முன்பே யாரோ பெல்லை அழுத்தினார்கள். நூர்தீன் அதைக் கேட்டார்.

“அங்கிள்! அங்கிள்! ஸ்டாப் போச்சு!”

நிறுத்தம் பின்னால் போயிருந்தது. எதிரே சிவப்பு விளக்கு. சாலையைக் கடக்கிற கூட்டத்தில் ஒரு பெண், குழந்தையின் கையைப் பிடித்தபடி, பஸ்ஸை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். நூர்தீனின் கால் பிரேக்கை மிதித்தது. வண்டி குலுங்கி நின்றது. இறங்க எழுந்து நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். அந்தப் பெண் குழந்தையை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

பெல் சத்தத்துக்கும் அந்தக் கூச்சலுக்கும் நடுவில் சாலை இருந்திருக்கிறது, நிறுத்தம் இருந்திருக்கிறது, கைகாட்டி நின்ற ஆட்கள் இருந்திருப்பார்கள். அவரிடம் ஒன்றுமே இல்லை. அந்தத் துண்டைப் பின்னால் ஓட்டிப் பார்க்கவும் வழியில்லை. ஊர்ந்து ஊர்ந்து வண்டியை இன்டர்சேஞ்சில் சேர்த்தார். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

ஜைனபிடம் எதையும் சொல்லவில்லை. டிவியைப் போட்டார்.

“நீ டிவியப் பாக்காத. என்னையே பாரு.”

“கல்யாணம் ஆன புதுசுல சொல்ல வேண்டியத இப்ப சொல்றீங்களே,” என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கேலியாகப் பார்த்தாள். பிறகு மீன் ஆணத்துக்குப் புளி ஊறப் போட வேண்டும் என்று எழுந்து போனாள். அவர் கூப்பிட, மறுபடி வந்து உட்கார்ந்தாள். டிவியில் சோப்பு விளம்பரம் தொடங்கியது.

அடுத்த நொடி ஜைனப் அவருடைய இரண்டு தோளையும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. விளம்பரம் முடிந்து செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

“என்னங்க! யா அல்லாஹ், என்னங்க ஆச்சு உங்களுக்கு? எத்தனை தடவை கூப்பிட்டேன்!”

“நான் என்ன பண்ணினேன்?”

“ஒண்ணும் பண்ணல. கண்ணு தொறந்திருக்கு, ஆனா நீங்க இல்ல. விரல் மட்டும் கைலிய நோண்டிக்கிட்டே இருந்துச்சு.” சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். “தொழுகையிலயும் இப்படித்தானே நிக்கிறீங்க.”

வீட்டில் அவர் முன்னால் நின்று தொழ வைப்பார். அவள் பின்னால் நின்று தொழுவாள். சில மாதமாக அவர் நிலையில் நின்றால் நின்றபடியே இருப்பார். நீளமான சூரா எதையோ மனதுக்குள் ஓதுகிறார் என்று அவளும் காத்துக்கொண்டு நிற்பாள். எத்தனை ரக்அத் ஆயிற்று என்று அவருக்கே தடுமாறி, மறதிக்காகச் செய்கிற சஜ்தாவை அடிக்கடி செய்து முடிப்பார்.

“வயசாக ஆகப் பேணுதல் கூடுதுன்னு நினைச்சேங்க. அக்காகிட்டகூடப் பெருமையாச் சொன்னேனே,” என்று ஜைனப் அழுதாள்.

நூர்தீன் அப்போதுதான் சாலையில் நடந்ததைச் சொன்னார். அந்தப் பெண்ணையும் குழந்தையையும் பற்றியும் சொன்னார்.

இரண்டு பேருக்கும் பயம்தான். ஆனால் அது நோயைப் பற்றிய பயம் மட்டும் இல்லை. டாக்டரிடம் போனால் இதற்கு ஒரு பேர் வைத்துவிடுவார். பேர் வைத்தால் லைசன்ஸ் போய்விடும். பஸ்ஸைத் தவிர அவருக்கு வேறு என்ன தெரியும்? “டாக்டரப் பாப்போம்ங்க. கம்பெனிக்கு மட்டும் இப்பச் சொல்லாதீங்க,” என்றாள் ஜைனப். நாளைக் காலை ஷிப்டு முடிந்ததும் பாலிகிளினிக் போவது என்று பேசி முடித்தார்கள். ஒரே ஒரு ஷிப்டுதானே என்று இரண்டு பேருமே சொல்லிக்கொண்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

காலையில் சீருடை போட்டு, வண்டியைச் சுற்றி வந்து டயர், விளக்கு, கதவு எல்லாம் பார்த்து, இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கதவைத் திறந்தார். வழக்கமாக வருகிறவர்கள் வரிசையாகப் பயண அட்டையைத் தட்டிக்கொண்டு ஏறினார்கள். ஒரு மலாய்க்காரப் பெண் பாலர் பள்ளிச் சீருடை போட்ட பையனோடு ஏறினாள். அவன் அவருக்கு சலாம் சொல்லிவிட்டு, முன் இருக்கையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கண்ணாடியில் அவன் கால் ஆடுவது தெரிந்தது.

புறப்படுகிற நேரமாகிவிட்டது. நூர்தீன் கியரைத் தொட்டார், கை வரவில்லை. பையனின் ஆடுகிற காலையே பார்த்துக்கொண்டிருந்தவர், எஞ்சினை அணைத்தார்.

“சாரி, இந்த பஸ் இப்பப் போகாது,” என்று எழுந்து நின்று எல்லோரிடமும் சொன்னார். வேலைக்கு லேட் ஆகிறது என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள்.

மேற்பார்வையாளர் கபிலன் ஓடி வந்தான். “என்ன பாய், வண்டில என்ன கோளாறு?”

“வண்டில ஒண்ணும் இல்ல தம்பி. எனக்குத்தான். நடுவுல நடுவுல எனக்கு நினைவு போயிடுது. நேத்து ஒரு புள்ள மேல வண்டிய ஏத்தியிருப்பேன்.” சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபது வருட வேலையைத் தன் வாயாலேயே முடித்துவிட்டோம் என்று அவருக்குத் தெரியும்.

கபிலன் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். இன்னொரு ஓட்டுநரைக் கூப்பிட்டான். டாக்ஸி பிடித்துத் தருகிறேன் என்றான். நூர்தீன் வேண்டாம் என்றார். இதே பஸ் அவர் வீட்டு வழியாகத்தான் பாலிகிளினிக்குக்குப் போகிறது. போன் போட்டு ஜைனபை வீட்டு நிறுத்தத்துக்கு வரச் சொன்னார். “வண்டிய எடுக்கல,” என்று மட்டும் சொன்னார். “நல்லதுங்க,” என்றாள் ஜைனப்.

பஸ் புறப்பட்டது. நூர்தீன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கை காலி. அவசரப்பட்டுவிட்டோமோ, நேற்று நடந்தது ஒரு தடவைதானே, இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு குரல் உள்ளே அரித்தது. சந்தைக்கடை வந்தது. பஸ் வளைவில் திரும்பியது.

அவருடைய கையை யாரோ இறுகப் பிடித்திருந்தார்கள். திடுக்கிட்டுத் திரும்பினார். பக்கத்தில் ஜைனப். முக்காடு கலைந்து, கண்ணெல்லாம் சிவந்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ எப்ப ஏறினே?”

“ரெண்டு ஸ்டாப் ஆச்சுங்க,” என்றாள் ஜைனப்.

நூர்தீன் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். முன்னால், அவர் இருக்கையில் இருந்த இன்னொருவர் அடுத்த நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்துகொண்டிருந்தார்.