தொப்பூர் ஏற்றமும் டாக்டர் கௌசல்யாவும்

அன்று நான் சொல்லாமல் விட்டது இதுதான்: அந்த மலை என் வீட்டில் இருக்கிறது, அண்ணா. ரயில் அதில் ஏறுமா என்று எனக்குத் தெரியாது.

கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை. காலையில் கல்லூரி நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது சரவணன் போன் செய்தார். டாக்டர் கௌசல்யா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர், தர்மபுரிக்கு வரும் வழியிலேயே இறந்துவிட்டார். மதியம் பென்னாகரம் போய்ச் சேர்ந்தேன். வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். டாக்டரின் கணவர் மாதையன் அண்ணன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏம்மா, அவ மலைய முடிச்சுட்டாளா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த உறவினர்கள், துக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று அவரைத் தேற்றினார்கள். நான் தலையசைத்தேன். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளக்கூடிய அசைவு அது.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் கால்நடை டாக்டர். வயிற்றில் கன்று மாறிக் கிடந்த பசுவுக்கும், மரவள்ளி இலையைத் தின்று வாயில் நுரை தள்ளிய ஆட்டுக்கும் ஓடி வந்தவர். எங்கள் மூவருக்கு அவர் ரயில் கட்டியவர். நிஜ ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில், மேசை மேல் ஓடும் மாதிரி ரயில். அரூர் பெருமாள் வாத்தியார், நல்லம்பள்ளியில் செல்போன் பழுது பார்க்கும் சரவணன், டாக்டர், நான். இந்த மாவட்டத்தில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் நான்கு பேர்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் முறை எளிமையானது. ஆளுக்கு ஒரு பலகை. அதன் மேல் அவரவர் வீட்டில் தண்டவாளம் பதித்து, ஊரோ காடோ அமைத்துக்கொள்வோம். பொங்கல் விடுமுறையில் நல்லம்பள்ளியில் சரவணனின் மாமா நடத்தும் கல்யாண மண்டபத்துக்குப் பலகைகளைக் கொண்டுவந்து ஒன்றோடு ஒன்று சேர்ப்போம். ஆளுக்கு இரண்டு பெட்டி வைத்திருக்கிறோம். எட்டையும் கோத்து ஒரே வண்டியாக நான்கு பலகைகளையும் கடக்க விடுவதுதான் எங்கள் பொங்கல்.

டாக்டர் எங்களோடு சேர்ந்த முதல் பொங்கலில் பலகைகளைப் பூட்டியதும், தண்டவாளத்துக்கு மின்சாரம் விடும் கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிந்து மின்சாரம் நின்றுவிட்டது. ஒவ்வொரு பலகையும் அதனதன் வீட்டில் ஒழுங்காக ஓடியதுதான். சரவணன் அடியில் படுத்து ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தார். டாக்டர் எதையும் தொடவில்லை. எங்களை வரிசையாக நிறுத்தி, ஒயர் இழுக்கும்போது பலகைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம் என்று மட்டும் கேட்டார். சரவணனும் நானும் பார்வையாளர் பக்கம் உட்கார்ந்திருந்தோம். வாத்தியார் யோசித்துவிட்டு, இந்தத் தடவை ஃபேன் காற்றுக்காகச் சுவர் பக்கம் உட்கார்ந்ததாகச் சொன்னார். அவருடைய இடது தண்டவாளம் எங்களுக்கு வலது. பலகைகள் சேர்ந்ததும் சிவப்பு ஒயர் கறுப்பு ஒயரைத் தொட்டிருக்கிறது. எங்கே உட்கார்ந்து வேலை செய்தாலும், பார்ப்பவருக்குக் கிட்டே உள்ள தண்டவாளத்துக்குத்தான் சிவப்பு ஒயர் என்று அன்று ஒரு விதி போட்டுக்கொண்டோம். இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "மாடு பேசாது கண்ணு. மாட்டுக்காரரத்தான் கேக்கணும். அவரும் மொதல்ல பாதிதான் சொல்லுவாரு" என்றார்.

அடுத்த வருடம் சரவணனின் பலகையில் ஓரிடத்தில் மட்டும் பெட்டிகள் தடம் புரண்டன. கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. டாக்டர் பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்துப் பலகைக்கு அடியில் வைத்தார். எஞ்சினை மட்டும் மிக மெதுவாக விடச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். மண்டபத்துச் சமையல்கார அம்மா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்து, "ஏங்க, ரயிலு சினையாங்க?" என்றார். "இன்னும் நாளு இருக்குதுங்க" என்று டாக்டர் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார். பிறகு ஓரிடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். அங்கே இரண்டு தண்டவாளங்கள் சேரும் இடத்தில் ஒன்று மயிரிழை உயரம். நகத்தால் நிரடினால்தான் தெரிந்தது. நான்கு முறை அரம் போட்டதும் பெட்டிகள் அந்த இடத்தைச் சத்தமில்லாமல் கடந்தன. நான் அவர் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் எல்லாவற்றையும் ஆஸ்பத்திரிப் பையிலிருந்தே எடுத்தார். தண்டவாளத்துக்கு நடுவே கொட்டும் சிறு ஜல்லியை ஒட்ட நான் பட்டபாடு சொல்லி மாளாது. பசையை ஊற்றினால் உருண்டையாக நின்று ஜல்லியையும் இழுத்துக்கொண்டு ஓடும். அவர் பசையைத் தண்ணீர்விட்டு இளக்கி, பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு சொட்டு சேர்த்து, ஆட்டுக்குப் போடும் சிரிஞ்சில் ஏற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டார். பசை ஒரு கல்லைக்கூட அசைக்காமல் உள்ளே இறங்கியது. அந்த நேரத்தில் போன் வந்தது. ஒரு கையில் சிரிஞ்சு, தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். பாப்பாரப்பட்டிப் பக்கம் யாருடைய எருமைக்கோ வயிறு உப்பியிருந்தது. கடைசியாக என்ன தின்றது என்று கேட்டார், அதட்டினார், மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை கேட்ட பிறகுதான் கல்யாண வீட்டு மிச்சச் சோறு என்ற உண்மை வந்தது. அதற்குள் என் பலகையில் ஒரு முழ நீளம் ஜல்லி ஒட்டி முடித்திருந்தார்.

அவருடைய சொந்தப் பலகைதான் தொப்பூர். ரயில் வளைந்து வளைந்து மலையேறும் அந்த இடத்தை அவர் எடுத்துக்கொண்டபோது வாத்தியார் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இவ்வளவு சரிவும் இவ்வளவு வளைவும் சேர்ந்தால் எட்டுப் பெட்டியோடு வண்டி ஏறாது என்றார். சரிவைக் குறைக்கலாம், இல்லையென்றால் பின்னால் இன்னொரு எஞ்சினைத் தள்ள விடலாம் என்று யோசனையும் சொன்னார். டாக்டர் இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்க போர்டுல எல்லாம் ரயிலு ஓடுது வாத்தியாரே. என் போர்டுல அது வேலை செய்யணும்" என்றார். நான்கு பெட்டியோடு விடலாமே என்று சரவணன் கேட்டதற்கு, யாருடைய பெட்டியைக் கழற்றுவது என்று திருப்பிக் கேட்டார். அந்தப் பொங்கலுக்கும் அடுத்த பொங்கலுக்கும் அவர் மலையில்லாத வேறொரு பலகையைக் கொண்டுவந்தார். மலை தயாராகும்வரை வெளியே வராது என்றார்.

அதைக் கட்டியது அவர்கள் தோட்டத்தில் பட்டுப்புழு வளர்க்கும் ஷெட்டின் ஒரு மூலையில். புழுவுக்கு ஈரக்காற்று வேண்டும் என்று மாதையன் அண்ணன் தரையில் தண்ணீர் தெளிப்பார், சாக்கை நனைத்துத் தொங்கவிடுவார். அந்த ஈரத்தில் பிளைவுட் ஊதி, வளைவின் நடுவில் தண்டவாளம் முதுகைத் தூக்கிக்கொண்டது. இருவருக்கும் அதில் தினமும் வாக்குவாதம். "உன் ரயிலுக்கு சளி புடிச்சா நான் என்ன பண்றது, என் புழுவுக்கு மொதல்ல சொகமா இருக்கணும்" என்பாராம் அண்ணன். கடைசியில் புழுதான் ஜெயித்தது. புதுப் பலகை போட்டு, அடிப்பக்கமும் ஓரங்களும் மூன்று கை பெயின்ட் அடித்து, தர்மபுரியில் என் வீட்டு மாடி அறையில் கொண்டுவந்து வைத்தார். பலகைக்கு மேல்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் போதாது, ஈரம் அடிப்பக்கமாகத்தான் ஏறும் என்பதை அந்த ஷெட்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

பிறகு ஞாயிறுதோறும் பென்னாகரத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். வந்ததும் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தண்டவாளத்தையும் எஞ்சின் சக்கரங்களையும் துடைப்பார். வண்டியை விடுவார். பாதி வளைவில் நிற்கும். நின்றதும் குனிந்து கேட்பார். "சத்தத்தோட நின்னா புடிப்பு இல்ல. சத்தமில்லாம நின்னா கரண்ட் இல்ல. இத மட்டும் பிரிச்சுத் தெரிஞ்சுக்க கண்ணு, பாதி வைத்தியம் முடிஞ்சுது" என்று ஒருமுறை சொன்னார். அவர் மலையில் வண்டி எப்போதும் சத்தத்தோடுதான் நின்றது. சக்கரம் சுற்றும், வண்டி நகராது. எஞ்சினுக்குள் ஈயத்துண்டு வைத்துக் கனம் கூட்டினார். சரிவு தொடங்கும் இடத்தைச் சட்டென்று தூக்காமல் மெல்ல எழும்படி பிரித்துப் போட்டார். எட்டுப் பெட்டிகளின் சக்கரங்களையும் ஒவ்வொன்றாகச் சுழற்றி, இறுகியதை மாற்றினார். ஒவ்வொரு வேலையும் சரியான வேலைதான். ஆனாலும் ஆரம்பத்தில் ஐந்து பெட்டியோடு ஏறிய வண்டி, போகப் போக நான்குக்கே திணறியது.

எனக்கு அவரிடம் மிகப் பெரிய வியப்பு இந்த ஞாயிறுகளில்தான். கோபமோ சலிப்போ அவர் முகத்தில் வந்து நான் பார்த்ததில்லை. தோற்ற பிறகு ஒரு டம்ளர் டீயோடு மலையின் எதிரே உட்கார்ந்து, படுத்துவிட்ட மாட்டைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். என்னிடமும் அதிகம் பேசமாட்டார். அதிகம் பேசாதவளான எனக்கு அது பெரிய ஆறுதல். நிறையப் படித்திருக்கிறேன். ஒரு பொருளிடம் இவ்வளவு மரியாதை காட்டிய மனிதரைப் புத்தகத்தில்கூட அதிகம் சந்தித்ததில்லை.

இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், வேலை நேரத்தில் எனக்குப் போன் செய்தார். அவர் அப்படிச் செய்பவர் அல்ல. எடுத்தவுடன் சிரித்தார்.

"கண்ணு, ரயிலுக்கு நான் கடைசியா என்ன குடுத்தேன்?"

எனக்குப் புரியவில்லை. ஈயம் வைத்தீர்களே என்றேன்.

"இல்ல. ஒவ்வொரு தடவையும் விடறதுக்கு முன்னாடி என்ன குடுத்தேன்? ஸ்பிரிட்டு. ஊரு மாட்டுக்காரங்களையெல்லாம் கேக்கறேன், என்னைய நான் கேக்கல பாரு."

அன்று காலை ஒரு கன்றின் காயத்தைத் துடைத்தபோது ஸ்டீல் தட்டில் ஸ்பிரிட் ஒரு சொட்டு விழுந்திருக்கிறது. காய்ந்த இடத்தில் பளபளப்பாக ஒரு வட்டம். விரலை வைத்தால் வழுக்கியது. தோல் வறண்டுபோகாமல் இருக்க அவர் வாங்கும் ஸ்பிரிட்டில் விளக்கெண்ணெய் கொஞ்சம் கலந்திருப்பார்கள். அது அவருக்கு இத்தனை வருடமாகத் தெரியும். சுத்தம் செய்கிறோம் என்று ஒவ்வொரு ஞாயிறும் மலைக்கு எண்ணெய் பூசியிருக்கிறோம். துடைக்கத் துடைக்க வழுக்கியதன் காரணம் அதுதான். சரவணன் கடையில் போன் உள்பாகங்களைக் கழுவ வைத்திருக்கும் ஐபிஏ என்ற ஆல்கஹாலில் எண்ணெய் கிடையாது, அதை வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்.

"நான் வர்ற வரைக்கும் வண்டிய விடாத. நான் பாக்கணும்" என்றார்.

நான் விடவில்லை. சனிக்கிழமை காலை சரவணனின் போன் வந்தது.

அதன் பிறகு பல வாரங்கள் மாடி அறைக்குள் போகவில்லை. பொங்கலுக்கு மலையைக் கொண்டுவருவதா என்று வாத்தியார் கேட்டபோதும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏறாவிட்டால் அது எல்லோர் முன்னாலும் அவருடைய தோல்வியாகத் தெரியும். ஏறினால் அவர் பார்க்கவில்லை. கடைசியில் கொண்டுவரலாம் என்றேன். அவர் கண்டுபிடித்தது சரியா என்று தெரியாமலே இருந்துவிடுவது அவருக்குச் செய்யும் மரியாதையாக எனக்குத் தோன்றவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். எது கெட்டுப்போனாலும், அதற்குக் கடைசியாக நான் என்ன கொடுத்தேன் என்று முதலில் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். நூலகத்தில் நனைந்துபோன புத்தகத்துக்கும் கேட்கிறேன், மனிதர்கள் விஷயத்திலும் கேட்கிறேன். முதல் தடவை எனக்கு நானே பாதிதான் சொல்கிறேன்.

பொங்கல் விடுமுறையில் மண்டபத்தில் மலையைப் பூட்டினோம். சரவணன் ஐபிஏ-வை நனைத்து, பஞ்சு கறுக்காமல் வரும்வரை தண்டவாளத்தையும் சக்கரங்களையும் துடைத்தார். எட்டுப் பெட்டியோடு விட்டோம். நான்குக்கே திணறிய வண்டி எட்டையும் இழுத்துக்கொண்டு வளைவின் உச்சிக்கு ஒரு சாண் கீழே வரை போய், சத்தத்தோடு நின்றது. வாத்தியார் எழுந்து போய்த் தன்னுடைய பெட்டி ஒன்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஏழு பெட்டியோடு வண்டி உச்சியைக் கடந்தது.

மாதையன் அண்ணன் வரவில்லை. புழு கூடு கட்டும் நேரம், விட்டுவிட்டு வரமுடியாது. மண்டபத்து வாசலில் நின்று அவருக்குப் போன் செய்து, அன்று சொல்லாததைச் சொன்னேன். ஏறிவிட்டது என்றும் சொன்னேன்.

"எத்தன பொட்டி?"

"ஏழுங்கண்ணா."

"யாருத கழட்டுனீங்க?"

வாத்தியாருடையது என்றேன். பின்னால் புழுத் தட்டுகளை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"அவ அதுக்கு ஒத்துக்க மாட்டாளேம்மா" என்றார்.

மாசி மாதம் அவர் அடுத்த பேட்ச் புழு வாங்கவில்லை. ஷெட்டைக் கழுவி, சாக்குகளை அவிழ்த்து, கதவைத் திறந்துபோட்டு ஒரு வாரம் காயவைத்தார். பிறகு சரவணனுக்குப் போன் செய்து மலையைக் கொண்டுவரச் சொன்னார். நாங்கள் கொண்டுபோய், அது முதலில் இருந்த மூலையிலேயே இறக்கிவிட்டு வந்தோம்.