வாங்கக் கூடாத மோட்டார் சைக்கிள்

சீனாவில் செய்து மலிவாக விற்கிறார்களே, தார் வீதியிலும் ஓடும் காட்டுப் பாதையிலும் ஓடும் என்று, உயரமான ஒரு வகை மோட்டார் சைக்கிள்; அதை வாங்கலாமா என்று யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏன் என்று கேட்டால் போல்ட், வயர், ரயர் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். உண்மையான காரணத்தை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

இலங்கையில் யுத்தம் முடிந்த ஆண்டு நான் ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் தனியாக இருந்தேன். என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்ட அண்ணா கிழக்கே மார்க்கம் என்ற ஊரில் குடும்பத்தோடு இருந்தார். அம்மாவும் தங்கையும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். எனக்கு அடுத்த நகரமான பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் இரவு சிஃப்ட். ரொறன்ரோ பஸ் கொண்டுபோய் இறக்கிவிடும் இடத்தில் பிறம்ரன் பஸ் நிற்க வேண்டும். அது நின்றதைவிட, வால் காட்டிக்கொண்டு போவதைத்தான் நான் அதிகம் பார்த்தேன். கார் வாங்கினாலும் இன்சூரன்ஸ் கட்ட முடியாது.

மோட்டார் சைக்கிள் எனக்குப் புதிதில்லை. வன்னியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்தபோது அவர்களுடைய யப்பான் சைக்கிளில்தான் ஊர் ஊராகப் போவேன். மாரியில் சேறு அச்சுவரை அப்பியிருக்கும். மண்ணெண்ணெய் கலந்து ஊற்றினாலும் இருமிக்கொண்டு ஓடும். ஒரு நாளும் என்னை நடுவழியில் விட்டதில்லை. ரெக்ஸ்டேலில் ஒரு கடை வாசலில் அதே உயரத்தில், அதே மாதிரி முன் மட்கார்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒன்று நின்றதைப் பார்த்ததும் எனக்குக் கால் அங்கேயே நின்றுவிட்டது.

கடைக்காரர் எங்கள் ஆள். ஜெனரேட்டர், புல் வெட்டும் மெஷின், பிள்ளைகளுக்கான பற்றரிக் கார் எல்லாவற்றுக்கும் நடுவில் இந்தச் சைக்கிள்களையும் விற்றார்.

"தங்கச்சி, உது யப்பான்காரன்ர எஞ்சினைப் பாத்து அப்பிடியே செய்தது. ஒரு வித்தியாசமும் இல்லை. பேருக்குத்தான் யப்பான்காரன் காசு வாங்குறான்" என்றார்.

"சாமான் உடைஞ்சால் எங்க எடுக்கிறது, அண்ணை?"

"என்னட்ட வாரும். நான் எங்க ஓடப் போறன்?"

பெண்ணொருத்தி மோட்டார் சைக்கிள் வாங்குவதை அவர் வேடிக்கையாகவும் பார்த்தார். போட்டோ எடுத்துக் கடையில் மாட்டட்டா என்று கேட்டார். நான் மறுத்துவிட்டேன். இன்சூரன்ஸ்காரர் சைக்கிளின் பெயரைக் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் அப்படியொரு பெயரே இல்லை என்று மறுபடி மறுபடி எழுத்துக்கூட்டச் சொன்னார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

பனி கரைந்து, வீதியில் போட்ட உப்பை மழை கழுவியதும் ஓடத் தொடங்கினேன். முதல் வாரமே இடது பக்கக் கண்ணாடி கழன்று தொங்கியது. பிறகு நம்பர் தகடு. அதன் போல்ட் எங்கே விழுந்ததென்றே தெரியாது, கம்பியால் கட்டினேன். ஒவ்வொரு நாளும் ஸ்பனர்களை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துப் பார்க்கிங்கில் குந்தியிருந்து போல்ட்டுகளை இறுக்குவதே வேலையானது. செயின் ரப்பர் மாதிரி இழுபட்டது. மழையில் அந்த ரயர்கள் தாரைப் பிடிக்க மாட்டேன் என்றன. பிரேக்கில் கை வைக்கவே பயம். குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் எடுக்க நெடுநேரம் உதைக்க வேண்டும். கொஞ்சம் வேகமெடுத்தால் கைப்பிடி வழியாக முழங்கைவரை விறைக்கும். புதிய வண்டி இது. கடையிலிருந்து நேரே வந்தது.

அதற்குள் ஊரில் நிலைமை முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. எங்கள் சனம் நகரத்தின் நடுவில் கொடியும் பதாகையுமாக வீதியில் கூடி நின்ற நாள்கள் அவை. வேலை முடிந்து நானும் போவேன். ஒரு நாள் சைக்கிளைப் பக்கத்துத் தெருவில் நிறுத்திவிட்டு ஹெல்மெட்டோடு நடந்து வர, நான் நிறுத்தியதைப் பார்த்திருந்த ஒருவர் மறித்தார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"பிள்ளை, உந்தச் சைக்கிள் சீனாக்காரன்ர தானே?"

"ஓம்."

"அங்க எங்கட சனத்தின்ர தலையில விழுறது ஆர் குடுத்த குண்டெண்டு தெரியுமோ? அவன்ர சைக்கிளில ஏறி இஞ்ச வர உமக்கு வெக்கமா இல்லையோ?"

"நீங்கள் போட்டிருக்கிற சப்பாத்தைக் கழட்டிப் பாருங்கோ, எங்க செய்தது எண்டு. உங்கட கையில இருக்கிற கொடியையும் பாருங்கோ. என்ர அம்மா உள்ளுக்க இருக்கிறா. என்னட்ட வெக்கத்தைப் பற்றிக் கதைக்காதேங்கோ" என்றேன்.

அவர் தன் சப்பாத்தைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. அப்படியே திரும்பிப் போய்க் கூட்டத்துக்குள் கலந்தார். அவருடைய ஆட்களும் உள்ளே இருந்திருக்கலாம். அன்று அதை யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

யுத்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்த பிறகுதான் தங்கை உயிரோடு ஒரு முகாமில் இருக்கிறாள் என்ற செய்தி கிடைத்தது. வவுனியாவிலிருந்து ஒரு பாதிரியார் அண்ணாவுக்குப் போன் எடுத்துச் சொன்னார். அம்மாவைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை. முகாமுக்குள் ஒருவர் ஒளித்து வைத்திருக்கும் போனிலிருந்து மறுநாள் தங்கையே எடுப்பாளாம். அங்கே மாலை, எங்களுக்குக் காலை. அவளுக்கு மனப்பாடமாயிருந்த ஒரே நம்பர் அண்ணாவின் வீட்டு நம்பர்.

"வேலை முடிய நேர வா. நான் போனை விட்டிட்டு அசையேலாது" என்றார் அண்ணா.

சிஃப்ட் முடிந்ததும் புறப்பட்டேன். ஹைவேயில் அந்தச் சைக்கிளை நம்பிப் போக முடியாது. ஸ்டீல்ஸ் வீதியால் கிழக்கே போனேன். வெயில் நேரே முகத்தில் அடித்தது. பாதி வழி தாண்டியிருப்பேன். மீட்டர் லைட் மங்கியதைக் கண்டேன். ஹோர்னை அழுத்திப் பார்த்தேன், சத்தமில்லை. அடுத்த சிக்னலுக்கு முன்னரே எஞ்சின் ஒரு முறை விக்கிவிட்டு நின்றது. தள்ளிக்கொண்டு ஓரத்துக்கு வந்து உதைத்தேன். உதைத்தேன், உதைத்தேன், குதிக்கால் வீங்கும்வரை உதைத்தேன். பிளக் வயரைக் கழற்றிப் பூட்டினேன். பெற்றோல் இருந்தது. ஒன்றுக்கும் அசையவில்லை. ஆக்கள் யாராவது பார்த்தால் பார்க்கட்டும் என்று அதன் டாங்கில் கையால் குத்தினேன்.

அப்போது என் போன் அடித்தது. அண்ணா.

"எடுத்திட்டாள்! எங்க நிக்கிறாய்?"

"சைக்கிள் நிண்டிட்டுது. நான் ரோட்டில நிக்கிறன். அவளைக் குடுங்கோ!"

அவர் வீட்டுப் போனை ஸ்பீக்கரில் போட்டு, தன் மொபைலை அதற்குப் பக்கத்தில் பிடித்தார். நான் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு மற்றக் காதில் போனை அழுத்தினேன். லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. தூரத்தில், தண்ணீருக்கடியில் பேசுகிறமாதிரி ஒரு குரல். "அக்கா" என்றது தெளிவாகக் கேட்டது. பிறகு ஒரு லொறி. பிறகு "அம்மா" என்றாள். அதுவும் தெளிவாகக் கேட்டது. அதற்கு முன்னும் பின்னும் சொன்னது எதுவும் கேட்கவில்லை. "அம்மாவைக் குடு! அம்மாட்டக் குடு!" என்று நான் ஸ்டீல்ஸ் வீதி ஓரத்தில் நின்று கத்தினேன். லைன் அறுந்தது.

அண்ணாவைத் திரும்ப எடுத்தேன். "வீட்ட வா" என்று மட்டும் சொன்னார்.

சைக்கிளை ஒரு பெற்றோல் நிலையத்தின் பின்பக்கம் தள்ளி விட்டுவிட்டு பஸ் எடுத்தேன். பஸ்ஸில் நான் சந்தோஷமாக இருந்தேன். அம்மாவும் அவளோடு இருக்கிறா என்றுதான் நினைத்தேன். முகாமுக்கு என்ன அனுப்பலாம், அம்மாவின் மூட்டு நோவுக்கு எண்ணெய் அனுப்ப விடுவார்களா, கனடாவுக்குக் கூப்பிட்டால் அம்மா மார்க்கத்தில் அண்ணாவோடு இருப்பாவா, ரெக்ஸ்டேலில் என்னோடா என்றெல்லாம் யோசித்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பெண் நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தாள்.

அண்ணா கதவைத் திறந்தார். முகம் கறுத்திருந்தது.

"அம்மா வரேல்லை. கடைசி நாளுகளில பங்கருக்குள்ள முடிஞ்சுதாம். அவள்தான் மண் போட்டவள்."

நான் நிலைப்படியில் நின்றேன்.

"உன்னோட கதைக்க வேணுமெண்டு கேட்டவள். உன்னை மட்டும்தான் கேட்டவள். நீ எங்கயோ ரோட்டில நிண்டு கத்துறாய். உன்ர சீனத்துச் சைக்கிளும் நீயும்! பஸ்ஸில வந்திருந்தாலும் நேரத்துக்கு வந்திருப்பாயடி!"

"பஸ்ஸில வந்தால் நேரத்துக்கு வந்திருக்க மாட்டன் எண்டு உங்களுக்குத் தெரியும்!" என்று நானும் கத்தினேன். அம்மா செத்த செய்தி கேட்டு நாங்கள் இருவரும் முதலில் பேசியது பஸ் நேரத்தைப் பற்றி. அண்ணி உள்ளேயிருந்து வந்து இருவரையும் பிடித்து உள்ளே இழுத்தா. அதன் பிறகுதான் அழுதோம், ஆளுக்கொரு அறையில்.

கொஞ்ச நாள் கழித்துக் கடைக்குப் போனேன்.

"வயர் ஏதும் போயிருக்கும். பார்ட்ஸ் அங்கயிருந்து வரவேணும். மாசக்கணக்காகும்" என்றார் கடைக்காரர், பில் போடுகிற கையை நிறுத்தாமல்.

"ஓடி ஒரு சீசன்கூட ஆகேல்லை. நான் எங்க ஓடப் போறன் எண்டு சொன்னனீங்கள்."

"தங்கச்சி, நாட்டில இப்பிடியெல்லாம் நடந்திருக்கு. சனம் முள்ளுக்கம்பிக்குள்ள கிடக்குது. நீர் ஒரு வயருக்கு வந்து சண்டை பிடிக்கிறீர்."

அந்த வசனத்துக்கு அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. "என்ர அம்மா அங்கதான் செத்தவ. நீங்கள் கடைக்குச் சாட்டுச் சொல்லவேண்டி அவ சாகேல்லை" என்றேன். குரல் கடை முழுக்கக் கேட்டது. புல் வெட்டும் மெஷின் பார்க்க வந்த இருவர் வெளியே போய்விட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு பில்லை எழுதினார். காசும் தரவில்லை, பார்ட்ஸும் தரவில்லை.

கடைசியில் சைக்கிளை ஒரு வாடகை வானில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, நானே டாங்கைக் கழற்றிப் பார்த்தேன். கைப்பிடி திரும்பும் இடத்தில் வயர்களைச் சட்டத்தோடு பிடித்து வைக்க ஒரு சின்னக் கிளிப் இருக்க வேண்டும். அதற்கான துளை இருந்தது, கிளிப் இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் இரும்பில் உரசி உரசி வயரின் தோல் போய், செம்பு தெரிந்தது. அதன்மேல் டேப் சுற்றினேன். முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆனது. அதுதான் எனக்கு இன்னும் கோபம். பெரிதாக ஏதாவது உடைந்திருந்தால் மனம் ஆறியிருக்கும்.

பனி தொடங்குவதற்கு முன் அதை விற்றேன். தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த ஒருவர் வாங்கினார். அவரிடம் குறை ஒன்றையும் மறைக்கவில்லை. "பரவாயில்லக்கா, இன்டர்நெட்ல எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. நட்டை டைட் பண்ணிக்கிட்டா போதுமாம். வீக்கெண்ட்ல சும்மா ஓட்டத்தான்" என்றார். சும்மா ஓட்டுபவருக்கு அது சரியாக இருக்கலாம். எந்த இடத்துக்கும் குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டிய தேவை இல்லாதவர்கள் வாங்கட்டும்.

அண்ணா பல வருடங்கள் அந்தச் சைக்கிளை விடவில்லை. பிறந்தநாள், கலியாண வீடு, எங்கே கூடினாலும் அதைச் சொல்லி என்னைக் குத்துவார். நானும் திருப்பிக் குத்துவேன். அம்மாவைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை.

தங்கை முகாமிலிருந்து வெளியே வந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தாள்.

"அக்கா, பள்ளிக்கூடம் தூரம். பஸ் ஒண்டும் இல்லை. இஞ்ச சீனத்து மோட்டச்சைக்கிள் மலிவா வந்திருக்கு. எடுக்கட்டே?"

"எடாதை. ஒருக்காலும் எடாதை. நான் காசு அனுப்புறன், யப்பான் எடு."

"நீங்கள் கனடாவில இருந்து சொல்லுவியள். அது இஞ்ச இப்ப எடுக்கேலாது. நான் நாளைக்கு என்னெண்டு போறது?"

"நடந்து போ."

"முகாம்வரை நடந்ததே போதும், அக்கா" என்றாள்.

அவள் அதைத்தான் வாங்கினாள். இப்போதும் ஓடுகிறதாம், ஒரு பிரச்சினையும் இல்லையாம். ஒவ்வொரு முறை பேசும்போதும் டாங்கைக் கழற்றி வயரைப் பார்க்கச் சொல்கிறேன். பார்த்தேன் என்கிறாள். நான் நம்புவதில்லை.