நனைந்த நாலு கால்

சந்திரசேகரைப் போல ஒரு பிடிவாதக்காரனை நான் பார்த்ததில்லை. திருச்செங்கோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் உதவியாளன். அவன் மனைவி சித்ராவுக்கு, நான் முட்டை லோடு ஏற்றும் பெருமாயி அம்மாவின் கோழிப்பண்ணையில் வேலை. கூண்டு வரிசைக்குள் நடந்து, செத்த கோழி எதில் கிடக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எச்சத்தின் நெடியில் அவள் நெஞ்சு கெட்டுவிட்டது. இனிக் கொட்டகைக்குள் கால் வைக்கவே கூடாது என்றார் டாக்டர். வேலையை விடவும் வழியில்லை.

அதற்காகத்தான் பூனை அளவில், நாலு கால் வைத்து ஒரு மெஷின் செய்தான். அது உள்ளே நடந்து கூண்டைக் காட்டும். சித்ரா வெளி அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தால் போதும். "ஒருக்கா நடந்து காட்டட்டும் சாமி, பாப்போம்," என்றார் பெருமாயி அம்மா.

"சக்கரம் வெச்சுத் தொலையேன்டா," என்றேன்.

"எச்சம் மேடு மேடாக் கெடக்குதுங்கண்ணா, சக்கரம் ஏறாது."

ஆனால் கால் என்றால் வேறு தொல்லை. அடிக்கு அடி உடம்பு குலுங்கி, கேமராப் படம் கலங்கும். கலங்கிய படத்தை வைத்து அது கொட்டகைக்குப் போடும் வரைபடமும் கோணிப்போகும். நாலு காலும் ஊன்றிய நொடியில் மட்டும் படம் எடுக்க வைத்தான். கூண்டெல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், எவ்வளவு தூரம் வந்தோம் என்பதைத் தன் அடிகளை வைத்தே அது கணக்குப் போட்டது. லேப் தரையில் கச்சிதமாக நடந்தது.

பண்ணையில் யார் உள்ளே போனாலும் வாசல் தொட்டியில் இருக்கும் மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துத்தான் போக வேண்டும். கோழிக்கு நோய் வந்துவிடக் கூடாதே. மெஷின் நடந்து காட்ட வேண்டிய அன்று சித்ரா அதைத் தூக்கி, பிள்ளைக்குக் கால் கழுவிவிடுவதுபோல நாலு காலையும் அதில் முக்கி உள்ளே விட்டாள். எங்களில் ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை.

ஈர ரப்பரில் எச்சத் தூசி ஒட்டிக்கொண்டதும் கால் வழுக்கியது. நின்ற இடத்திலேயே வழுக்கிய அடிகளையும் நடந்த அடிகளாக அது எண்ணிக்கொண்டது. கொட்டகையின் கோடிக்குப் போய்விட்டதாகத் திரை காட்டியது. சித்ரா சிரித்தாள். நிஜத்தில் மெஷின் பாதி வழியில்தான் இருந்தது. கோடி வந்துவிட்டதென்று அங்கேயே திரும்பி, கூண்டில் முட்டி விழுந்து காலை உதறியது. கொட்டகை முழுக்கக் கோழிகள் கத்தி இறக்கை அடித்துக்கொண்டன.

"போதும் சாமி. மெரண்ட கோழி இனி எப்ப முட்டை வெக்குமோ," என்றார் பெருமாயி அம்மா. "நாளைக்குச் சித்ராவே உள்ள போகட்டும்."

சந்திரசேகர் போய் மெஷினை எடுத்து வந்தான். அதன் ஈரக் கால்களைத் தடவிப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது, அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கும்.

"ஏனுங்க, எதுனால அப்படித் திரும்புச்சு?" என்று சித்ரா கேட்டாள்.

"நான் போட்ட கணக்குத் தப்பாயிருச்சு."

"நான் ஏதாச்சும் பண்ணிப்போட்டனுங்களா?"

"நீ என்ன பண்ணுன. போய் உக்காரு."

எனக்கு எரிச்சல் பொங்கியது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் லோடு ஏற்றப் போனேன். சித்ரா வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, தொட்டியில் காலை நனைத்து உள்ளே போனாள். நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் எந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் போகிறாள் என்று, இருமலை வைத்தே எனக்குத் தெரிந்தது.